வெள்ளையாய்ப் பிறந்த பிள்ளையும் என் வாயும்

"…பின்ன என்ன, விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? வெள்ளைக்காரர் வீட்டுல வேலை செஞ்சவளுக்கு வெள்ளையாத்தான் பொறக்கும்" என்று ஒருத்தி குழாயடியில் சொன்னாள். குடத்தோடு நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். சொன்னவள் நான்தான்.

அது அறுபதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டு ஓரமாக, ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் இட்லிக்கடை வைத்திருந்தேன். படிப்பு மூணாங்கிளாஸோடு சரி. மிச்சமெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைப் படித்தும், கடைக்கு வருகிறவர்கள் பேச்சைக் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். பழமொழி என்றால் எனக்கு உசிரு. யாராவது நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னால் ஒரு இட்லி ஜாஸ்தி வைப்பேன். எந்தப் பேச்சுக்கும் ஒரு பழமொழி என் கைவசம் இருக்கும். எடுத்து வீசிவிடுவேன். அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கும் வழக்கம் மட்டும் அப்போது கிடையாது.

நான் சொன்ன அந்தப் பெண் எங்கள் தெருவில் வாழ வந்தவள். கீழ்பென்னாத்தூர் பக்கம் பிறந்த வீடு. தாய் இல்லாதவள். புருஷன் ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவன். சொந்தத்துக்குள்தான் கட்டிக்கொண்டார்கள், இவளுடைய அம்மாவும் அவனுடைய அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். ஆசிரமத்துப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரருக்கு வாசல் பெருக்கி, பாத்திரம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாசம் வரைக்கும் போனாள்.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அம்மாவும் அப்பாவும் நல்ல கறுப்பு. பிள்ளையோ உரித்த வெங்காயம் மாதிரி. தோல் மட்டுமா? தலைமுடி, புருவம், கண் இமை எல்லாம் வெளுப்பு. கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்றார்கள் சிலர். பூசணிக்காய் ஜாஸ்தி தின்றிருப்பாள் என்றார்கள் சிலர். மூன்று மாசம் இப்படிப் போனது. அப்புறம்தான் நான் குழாயடியில் வாயைத் திறந்தேன்.

அந்த வெள்ளைக்காரருக்கு எழுபது வயசு இருக்கும். நரைக்காத இடத்தில் முடி கறுப்பாகவே இருக்கும். வெயிலில் மலையைச் சுற்றிச் சுற்றி எங்களில் பாதிப் பேரை விடக் கறுத்துப்போயிருந்தார். இதையெல்லாம் நானும் யோசிக்கவில்லை, சிரித்தவர்களும் யோசிக்கவில்லை.

மூணு நாளில் என் பேச்சு ரயிலடிக்குப் போய்விட்டது. கூட ஓட்டுகிறவர்கள் அவனிடம், "இன்னாப்பா, உன் வண்டியில வெள்ளைக்காரன் சும்மாவே ஏறிட்டானாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் நேரே அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றானாம். அவர் சவாரிக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, இன்றைக்கு வேண்டாம் என்று கையாட்டி, ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாராம். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவன் அன்றையிலிருந்து வீட்டில் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மாமியார் அவளுடைய துணிமணியை ஒரு பையில் போட்டு, "உங்கப்பன் வூட்டுக்குப் போ. கூப்பிட்டா வா" என்றுவிட்டாள்.

பஸ் என் கடை எதிரில்தான் நிற்கும். காலை பத்து மணி இருக்கும். இடுப்பில் பிள்ளை, தோளில் பை. என்னிடம் கொஞ்சம் வெந்நீர் கேட்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பிள்ளை வெயில் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். நிழலுக்கு வந்ததும் திறக்கிறான். திறந்த கண் ஒரு இடத்தில் நிற்காமல் இப்படியும் அப்படியும் ஆடுகிறது.

"யார் சொன்னாங்கன்னு தெரியலக்கா" என்றாள். "என்மேல அவங்களுக்கு இன்னா கோவம்னும் தெரியல. தெரிஞ்சா போய்க் கேட்டிருப்பேன்."

எனக்கு அவள்மேல் கோபமே கிடையாது. அதைத்தான் எப்படிச் சொல்வது? ஒரு சிரிப்புக்காகச் சொன்னேன் என்றா? அதற்குப் பதிலாக, "பிள்ளைக்குக் கண்ணு சரியில்ல போலத் தெரியுது. பஸ் அப்புறம் பாத்துக்கலாம், ஆஸ்பத்திரிக்கு வா" என்றேன். கடையைச் சாத்திவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. பிள்ளையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்பதுதான்.

"மாமன் மகன்தாங்க."

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு, மேஜையிலிருந்த மருந்துச் சீட்டில் நாலை எடுத்தார். ரெண்டில் மையைத் தீற்றினார். ரெண்டை வெறுமனே விட்டார். மை பட்டது ஒன்று, படாதது ஒன்று என்று சோடியாக்கி, ஒரு சோடியை அவள் பக்கமும், புருஷனுக்குப் பதிலாக ஒரு சோடியை என் பக்கமும் வைத்தார்.

உடம்பின் நிறத்துக்கு ஒவ்வொருத்தருக்குள்ளேயும் இப்படி ரெண்டு சீட்டு இருக்கிறது என்றார். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒன்றில் மை இருந்தால் போதும், உடம்புக்கு நிறம் வந்துவிடும். வெறுஞ்சீட்டு உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு சீட்டு கொடுக்கிறோம். எதைக் கொடுப்பது என்பது நம் கையில் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி. அம்மாவும் வெறுஞ்சீட்டு, அப்பாவும் வெறுஞ்சீட்டு கொடுத்துவிட்டால் பிள்ளை இப்படிப் பிறக்கும். நாலு விதமாகச் சேரலாம், அதில் ஒரு விதம் இது. ஊரில் யாரோ எவரோ கட்டிக்கொண்டால் ரெண்டு பேரிடமும் அதே வெறுஞ்சீட்டு இருப்பது அபூர்வம். ஒரே வீட்டு ரத்தம் என்றால் ஒரே பாட்டன் பாட்டியின் சீட்டு ரெண்டு பக்கமும் வந்து சேர வழி ஜாஸ்தி. "பிள்ளை உன் புருஷன் கொடுத்த சீட்டோடதான்மா பொறந்திருக்கு" என்றார்.

அவள் அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலுல ஒண்ணு வந்துட்டான். அப்போ இனிமே மூணும் கறுப்பா பொறக்குங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கலைச்சுப் போட்டுத்தான் எடுக்கணும். போன தடவை இன்னா வந்துச்சுன்னு சீட்டுக்கு ஞாபகம் இருக்காது." வெயிலில் காட்டாதே, கண் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தாள். "எனக்குப் புரிஞ்சுதுக்கா. அங்க யார் கேப்பாங்க?" என்றாள். பஸ்ஸுக்குப் போகவிடவில்லை நான். உள்ளே திரும்பிப் போய் நாலு சீட்டையும் டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அவள் புருஷன் வீட்டுக்கே போனேன்.

நடுப்பகல். புருஷன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். மாமனார் சேணத்து வாரைத் தைத்துக்கொண்டு மூலையில் இருந்தார். நான் சீட்டைத் தரையில் பரப்பி, டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"இட்லி அவிக்கறவங்கல்லாம் வைத்தியம் சொல்ல வந்தாச்சா?" என்றாள் மாமியார். "அந்தச் சீட்டைக் கொண்டுபோய் இட்லிக்குப் பொட்டலம் கட்டும்மா."

புருஷன் புல்லைக் கீழே போட்டான். "சரி, ரத்தத்துல வருதுன்னே வெச்சுக்குவோம். எங்க வம்சத்துல வெள்ளையா யார் இருந்தா? ஒருத்தரைக் காட்டச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

தரையில் பரப்பிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பிள்ளை சிணுங்கியது. அவள் பையை மறுபடி தோளில் மாட்டினாள்.

"இருந்தான்" என்றார் மாமனார்.

வாரைக் கீழே வைக்காமலே பேசினார். அவருக்கு ஒரு தம்பி. இதே மாதிரி முடி, இதே மாதிரி கண். பகலில் வெளியே விடமாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு இவர்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவாராம். பத்து வயசில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்கப்புறம் தங்கச்சி பிறந்தாள். நாளைக்கு அவளுக்கு வரன் தேடும்போது இந்த விஷயம் தெரிந்தால் எவனும் வாசல் மிதிக்க மாட்டான் என்று, அந்தப் பிள்ளையின் பேரைக்கூட யாரும் வீட்டில் சொல்லக்கூடாது என்றாகிவிட்டது. அந்தத் தங்கச்சிதான் இவளுடைய அம்மா.

"முப்பது வருசம் குடும்பம் நடத்தறேன், என்கிட்ட சொல்லலியே" என்றாள் மாமியார்.

"உன்கிட்ட இன்னா, எனக்கு நானே சொல்லிக்கல." எழுந்து வந்து மருமகள் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, தோள்துண்டை அதன் முகத்துக்கு மேல் பந்தல் மாதிரி பிடித்தார். இவ்வளவு நாளில் அவர் பிள்ளையைத் தொட்டது அதுதான் முதல் தடவையாம். மகனைப் பார்த்து, "டேய், இனிமே சந்தேகம் வந்தா என்னைக் கேளு. அவளைக் கேக்காதே" என்றார்.

"மூணு மாசமா பாத்துக்கினு குந்தியிருந்தியே நைனா" என்றான் மகன். பிறகு அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

நான் அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். மாமியார்கூட, "பொட்டலம் கட்டச் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க" என்று மோர் கொடுத்தாள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ என்றாள். மோரைக் குடிக்காமலே கீழே வைத்தேன். முப்பது வருசம் வாயை மூடியிருந்த மனுஷன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் மட்டும் நல்லவள் பட்டத்தோடு வீட்டுக்குப் போவதா?

"குழாயடியில முதல்ல சொன்னது நான்தான்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். வைவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பிள்ளையை மாமனாரிடமிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "என்கிட்ட சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அவளுக்கு அப்புறம் மூணு பிள்ளைகள். ரெண்டு கறுப்பு, கடைசிப் பெண் அண்ணனைப் போல வெள்ளை. அப்போது எங்கள் தெருவில் ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. மூத்தவன் புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துப் படித்தே வேலைக்குப் போய்விட்டான். அவள் என் கடைக்கு மறுபடி வர ஒரு வருசம் ஆனது. வந்தபோது, "நாலு இட்லி" என்றாள், அவ்வளவுதான்.

'தாயைப் போல பிள்ளை' என்பதை இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்தத் தாய்க்குள்ளே அவளுக்கே தெரியாத எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதைவிடப் பெரிதாக நான் கற்றது ஒன்று உண்டு. கேலி தானே நடந்து ஊரைச் சுற்றிவரும். தப்பு என்று ஒப்புக்கொள்வதற்குக் கால் கிடையாது, சொன்னவளே தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடக்க வேண்டும்.

அவள் அப்படிச் சொன்ன மறுநாள் விடிந்ததும் குழாயடிக்குப் போனேன். அதே ஏழெட்டுப் பேர். அன்றைக்கு நான் சொன்னது பொய், வாய்க்கொழுப்பில் சொன்னது, அது அவள் புருஷனுக்குப் பிறந்த பிள்ளை என்று சொல்லி, டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் நம்பினதாகவும் தெரியவில்லை. ஒருத்தி மட்டும், "அதுக்கின்னா இப்போ, தண்ணி நிக்கப்போவுது, புடிம்மா" என்றாள். நான் பிடிக்கவில்லை. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, ரயிலடி ஜட்கா ஸ்டாண்டைப் பார்க்க நடந்தேன்.