விலா எலும்பைச் சூடு காட்டிய பகல்

குவைத்தில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த என் தங்கை, புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. விமான நிலையத்திலிருந்து நேராக ராகலைக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்துவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு ஏர் ஃபிரையர், அவ்வளவுதான் சாமான். "கொஞ்ச நாளைக்கு இங்கதான்கா இருப்பேன்" என்றாள். என் கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒரு தடவைதான் வருவார். இருக்கட்டும் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் வேலை செய்வது பழைய துரை பங்களாவில். இப்போது அது சுற்றுலா விடுதி. அவள் வந்த இரண்டாவது வாரம், சனிக்கிழமை, அங்கே தங்கியிருந்த ஒரு குடும்பம் புல்தரையில் கரி அடுப்பு மூட்டிப் பன்றி விலா எலும்பு சுட்டார்கள். நடுவில் மழை பிடித்து எல்லோரும் உள்ளே ஓடிவிட, பாதி மிஞ்சிப்போனது. பெரிய சமையல்காரர் ஒரு முழுப் பாளத்தை ஃபாயிலில் சுற்றி, ஒரு கிண்ணம் சோஸோடு என்னிடம் தந்தார்.

மறுநாள் பகல் அதைச் சட்டியில் போட்டுச் சூடு காட்டப் போனேன். தங்கை தடுத்தாள்.

"சட்டியில வச்சா மேல பூசுன சோஸ் கருகிரும், உள்ள ஐஸ் மாதிரி இருக்கும். குடு இங்க."

எலும்புக்கு எலும்பு நடுவில் கத்தியை இறக்கித் துண்டாக்கினாள். தண்ணீர் தெளித்து, மறுபடி ஃபாயிலில் மூடி ஏர் ஃபிரையரின் கூடையில் வைத்தாள். கேத்தலின் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் மெஷினைப் போட்டாள். இரண்டும் சேர்ந்தால் எங்கள் லயக் காம்பராவில் கரண்ட் நின்றுவிடும். ஏழு நிமிடம் கழித்து ஃபாயிலைப் பிரித்து, கிண்ணத்தில் இருந்த சோஸைத் தடவி, வெறும் இறைச்சியை இன்னும் நான்கு நிமிடத்துக்கு வைத்தாள். வீடு முழுக்கக் கரியும் சீனியும் கலந்த வாசனை.

அப்போதுதான் அவள் புருஷன் வாசலில் வந்து நின்றான். குடித்திருந்தான். ஆனால் தள்ளாடவில்லை. தள்ளாடியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"பொட்டியக் கட்டு" என்றான்.

"வரல" என்றாள் தங்கை.

"தம்பி, ஒக்காருங்க. சாப்புட்டுப் பேசலாம்" என்றேன்.

"மதினி, நீங்க ஒதுங்குங்க."

நான் ஒதுங்கவில்லை. என்னை ஒரு கையால் சுவரில் தள்ளினான். அலுமாரியின் விளிம்பில் பட்டு உதடு கிழிந்தது. நான் நிமிர்வதற்குள் அவள் கொண்டையைக் கையில் சுற்றிக்கொண்டான். அவள் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். அவன் சப்பாத்துக் காலால் அவள் விலாவில் மிதித்தான். ஒருமுறை. இரண்டு முறை. மூன்றாவது மிதியில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷக் குரல் மாதிரியே இல்லை. பக்கத்துக் காம்பராக்களில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வாசல் இஸ்தோப்பில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

மெஷின் மணி அடித்து நின்றது. நான் கைப்பிடியைப் பிடித்துக் கூடையை வெளியே இழுத்தேன். யோசிக்கவில்லை. இறைச்சியும் எண்ணெயுமாக அதை அவன் முகத்தில் வீசி அடித்தேன். கொதிக்கிற கொழுப்பு அவன் கழுத்தில் இறங்கியது. என் மணிக்கட்டிலும் தெறித்தது. அவன் முடியை விட்டுவிட்டு முட்டி போட்டான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. எழுந்திருக்க முயலவில்லை, கையையும் ஓங்கவில்லை. அந்த நிலையில்தான் இரண்டாவது தடவை அடித்தேன். தலையில். அந்த அடியில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

மூன்றாவதுக்குக் கை தூக்கியபோது பக்கத்துக் காம்பரா அக்கா பின்னாலிருந்து கூடையைப் பிடித்துக்கொண்டார். கையில் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்திருந்தார், அவனுக்காகக் கொண்டுவந்தது.

"போதும்டி. செத்துத் தொலைஞ்சான்னா நீதான் உள்ள போவ."

அவன் சுவரைப் பிடித்து எழுந்து, கழுத்தைப் பொத்திக்கொண்டு போனான். போகிற வழியில் தரையில் கிடந்த எலும்பில் கால் வழுக்கி இன்னொரு முறை விழுந்தான். யாரும் சிரிக்கவில்லை.

பொலிஸில் என்ட்ரி போட்டோம். பெண் பொலிஸ் ஒருவர் எதைக் கொண்டு அடித்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். அந்த மெஷினுக்கு எனக்குச் சிங்களத்தில் பேர் தெரியாமல், கையால் பெட்டி மாதிரி காட்டினேன். "ஏர் ஃபிரையர்" என்று அவரே எழுதிக்கொண்டார். எத்தனை தடவை என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். தங்கை என் பக்கம் திரும்பாமல் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் பங்குக்கு எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. ஒரு பொம்பளையிடம் அடி வாங்கியதை எந்த வாயால் சொல்வான்?

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த டொக்டர், புதிதாக இரண்டு விலா எலும்பு வெடித்திருக்கிறது என்றார். அதற்குக் கீழே ஒன்று முன்பே உடைந்து, கோணலாகக் கூடியிருக்கிறது என்றார். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"இது எப்போ?"

"கல்யாணம் முடிஞ்ச ரெண்டாவது வருஷம். தண்ணிக் கான்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்ல."

எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவள் என்னிடம் வந்து, அக்கா இவரோட இருக்க முடியல என்று அழுதிருக்கிறாள். கொஞ்சம் அனுசரிச்சுப் போ, குடிச்சா எல்லா ஆம்பளையும் அப்பிடித்தான் என்று சொல்லி, சோறு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டது நான்தான். உடைந்த எலும்போடு அவள் அந்த பஸ்ஸில் உட்கார்ந்து போயிருக்கிறாள். மணிக்கட்டுக் கொப்புளம் பத்து நாளில் ஆறியது. இது இன்னும் ஆறவில்லை.

இப்போது அவள் ராகலை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறாள். விவாகரத்து வழக்கு நடக்கிறது. போன மாதம் ஒரு நாள் எனக்கு லீவு. அவளோடு கடையில் இருந்து லீக்ஸ் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். அவள் புருஷன் ரோட்டைத் தாண்டி வந்தான். கழுத்தில் தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

"கொஞ்சம் பேசணும்" என்றான் அவளிடம்.

"கோர்ட்டுல பேசுங்க."

கடைக்காரர் கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவன் அவரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விட்டான்.

பின்னேரம் வரை தங்கை லீக்ஸ் கட்டுகளைக் கயிறு தண்டை அறுக்கிற அளவுக்கு இறுக்கி இறுக்கிக் கட்டினாள். கடைக்காரர் இரண்டு மூன்றைப் பிரித்துத் தளர்த்தி மறுபடி கட்டினார்.