நாற்பத்தொன்றில் நின்ற எண்ணிக்கை

இது நடந்தது. நேரமெல்லாம் ஆர்லன் ஹாகன் தன் கைக்கடிகாரத்தில் பார்த்தது. ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. மோன்டானாவின் வட எல்லையோரம் கோதுமைக் கிடங்கில் முப்பது வருடம் எடை போட்ட மனிதர். பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "நான் மாட்டைப் பார்க்கணும்" என்று எழுந்துவிடுவார். வீட்டில் மாடே கிடையாது.

நவம்பர், ஒரு சனிக்கிழமை மதியம். வேட்டைக் காலம் முடிய எட்டு நாள்தான் பாக்கி. அந்த வாரம் ஹெர்மன் லூட்ஸ் வீட்டில் சாமான்களை விற்றார்கள். ஹெர்மன் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆர்லனுக்கு அங்கே ஒரு காபி டின் கிடைத்தது. அதற்குள் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், ஐம்பது. திரும்ப வெடிமருந்து நிரப்புவதற்காக ஹெர்மன் அவற்றுக்கு எண்ணெய் பூசி, அச்சில் அழுத்தி அளவைச் சரிசெய்து வைத்திருந்தார். எண்ணெயைத்தான் துடைக்கவில்லை. பாதியில் நின்ற வேலை.

"செத்தவன் விட்ட வேலைய நீ எதுக்குய்யா எடுத்துக்கற?" என்றாள் அவர் மனைவி ஜாய்ஸ்.

"எந்திரத்துல போட்டு அரை மணி குலுக்கினா தங்கம் மாதிரி ஆயிடும்."

"அப்ப நீயும் அதுல கொஞ்சம் உக்காந்து எந்திரி."

தோட்டா வேலைக்கு ஆர்லன் வைத்திருந்த இடம், கொல்லையில் உருளைக்கிழங்கு சேமிக்கக் கட்டிய நிலவறை. மூன்று பக்கம் மண். ஒரே கதவு, கனமான பலகை, உள்பக்கமாக இழுத்துத் திறப்பது. ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரு காற்றுக்குழாய் மட்டும்.

அந்தக் கதவின் வெளியே ஒரு ஆணி உண்டு. அதில் சிவப்புத் துணி தொங்கினால் உள்ளே மருந்து அளக்கிறார் என்று அர்த்தம். யாரும் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. கவனம் சிதறி எண்ணிக்கை தவறினால் ஒரே கூட்டில் இரண்டு பங்கு மருந்து விழும். துப்பாக்கியே வெடித்துச் சுடுகிறவன் முகம் போய்விடும். செல்போனைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவார். அன்று அளக்கிற வேலையே இல்லை, வெறும் துடைக்கிற வேலை. ஆனாலும் பழக்கதோஷம்... கை தானாகவே துணியை மாட்டிவிட்டது.

மணி 1:50. கதவைச் சாத்தினார். சின்ன காஸ் கணப்பைப் பற்றவைத்தார். எந்திரம் என்பது ஒரு வாளி, அடியில் மோட்டார். வாளி நிறைய மக்காச்சோளத் தக்கையை அரைத்த தூள். கூடுகளை அதில் கொட்டிக் குலுக்கினால் தூள் எண்ணெயை உறிஞ்சும், களிம்பை உரசி எடுக்கும். ஐம்பதையும் எண்ணிப் போட்டார். மூடினார். ட்ர்ர்ர்ர்... என்று ஓட ஆரம்பித்தது.

2:25க்கு நிறுத்திவிட்டு ஒரு கூட்டை எடுத்துப் பார்த்தார்.

களிம்பு போயிருந்தது. எண்ணெய் போகவில்லை.

இன்னொன்றை எடுத்தார். அதிலும் எண்ணெய். ஐம்பதிலும் எண்ணெய், இப்போதுதான் பூசியது போல. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாவற்றிலும் ஒரு பெருவிரல் ரேகை, முழுசாக, அகலமாக.

ஆர்லனின் வலது பெருவிரலுக்கு நுனி கிடையாது. கிடங்குச் சங்கிலி தின்று இருபது வருடம் ஆகிறது. இடது கையில் அவர் எப்போதும் உறை போட்டிருப்பார்.

"ஹெர்மனோட பழைய ரேகையா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டார். சத்தமாகத்தான் சொன்னார். திரும்பக் கொட்டினார். மணி 2:31.

ட்ர்ர்ர்ர்...

அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருந்தது. முதலில் மோட்டார் என்று நினைத்தார். காதைச் சாய்த்தார்.

யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். தணிந்த, நிதானமான ஆண் குரல்.

"...பதினாறு... பதினேழு..."

எந்திரத்தை நிறுத்தினார். அமைதி. கணப்பின் உஸ்ஸென்ற சத்தம் மட்டும். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நின்றார். திரும்ப ஓடவிட்டார்.

"...இருபத்தெட்டு... இருபத்தொன்பது..."

நின்றிருந்த நேரத்திலும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒயரைப் பிடுங்கினார். மணி 2:38. நெற்றி கனப்பது அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். காற்றுக்குழாய் வாயில் வெளிச்சம் இல்லை. பனி அடைத்திருந்தது. கணப்பு எரிந்துகொண்டிருந்தது, இருக்கிற காற்றைத் தின்றபடி. இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தால் படுத்துவிடுவார், எழுந்திருக்க மாட்டார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். கணப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் போனார்.

குமிழைத் திருகினார்.

வழுக்கியது.

தன் கை எண்ணெய் என்று நினைத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு பிடித்தார். வழுக்கியது. துணியால் குமிழைத் துடைத்தார். துணியை எடுத்த இடத்தில் எண்ணெய் ஊறியது. குறடால் பிடித்தார். குறடு உருண்டது. கீல்களைத் தட்டிப் பார்த்தார். துருவேறி ஒட்டிப்போயிருந்தன.

"ஜாய்ஸ்!"

கதவைக் குத்தினார்.

"ஜாய்ஸ்! கதவத் தள்ளு!"

வெளியே சிவப்புத் துணி தொங்குகிறது... யாரும் வரப்போவதில்லை.

அப்போது அவருக்குப் பின்னால்...

"முப்பத்தொன்பது."

எந்திரம் ஓடவில்லை.

"நாற்பது."

இரண்டடி தூரத்தில்.

"நாற்பத்தொன்று."

நின்றது.

ஆர்லன் திரும்பவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தார். 2:44. மூச்சு இழுத்தால் பாதிதான் வந்தது. எண்ணிக்கை ஏன் நின்றது என்று புரியவில்லை. பத்து விநாடி... இருபது...

"நாற்பத்திரண்டு."

ஐம்பது வந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை.

கால் மடங்கியது. தவழ்ந்தார்.

"நாற்பத்தைந்து."

வாளியின் மூடியைத் தட்டிவிட்டார். இரண்டு கையையும் தக்கைத் தூளுக்குள் முழங்கைவரை விட்டார்.

"நாற்பத்தாறு."

அள்ளினார். தவழ்ந்தார். தூளைக் குமிழில் அப்பினார். எண்ணெய் ஊற ஊற அப்பினார்.

"நாற்பத்தெட்டு."

குரல் காதுக்குள்.

இறுக்கிப் பிடித்தார்.

திருகினார்.

க்ளிக்.

பனியில் முகம் குப்புற விழுந்தபோது மணி 2:51.

சமையலறையில் ஜாய்ஸ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, என்ன கோலம் இது! தலையெல்லாம் தூளு!"

"கத்தினேனே ஜாய்ஸ்... கேக்கலையா?"

"கேட்டுச்சே. என்னைத்தானே கத்தின."

"எப்ப?"

"இப்பத்தான், கொஞ்சம் முன்ன. காபி எடுத்துட்டு வந்தேன். துணி தொங்கிச்சு. துடைக்கிற வேலைதானேன்னு ஒரு தட்டுத் தட்டினேன். 'எண்ணிட்டிருக்கேன், அப்புறம் வா'ன்னு விரட்டிட்ட. கப்பை வாசப்படியிலயே வெச்சிட்டு வந்துட்டேன், குடிச்சா குடி, குடிக்காட்டி போன்னு."

"மணி என்ன இருக்கும்?"

"அடுப்புல இருக்கற கடிகாரத்தப் பாத்துட்டுத்தான் வந்தேன். ரெண்டே முக்காலுக்கு ஒரு நிமிஷம் இருந்துச்சு."

ஆர்லன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பேசலை ஜாய்ஸ்."

"சும்மா பயமுறுத்தாத. நாப்பது வருஷமாக் கேக்கற குரல் எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை, கூடுகளைத் திரும்ப அள்ளிப்போட்டு, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வண்டியின் பின்னாலேயே வைத்திருந்த காபி டின்னோடு வெர்னா லூட்ஸ் வீட்டுக்குப் போனார். ஹெர்மனின் மனைவி. கதவைத் திறந்தவள் டின்னைப் பார்த்தாள். வாங்கவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

"எத்தனை வரைக்கும் போச்சு?" என்றாள்.

"...நாப்பத்தெட்டு."

"தப்பிச்சீங்க."

"தெரிஞ்சேதான் வித்தீங்களா அம்மா?"

"என் மருமகன் எடுத்து வெளிய வெச்சுட்டான். நான் பாக்கறதுக்குள்ள நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. போன் பண்ணலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். என்னன்னு சொல்றது?"

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஹெர்மன் காலையில எட்டு மணிக்கு ஷெட்டுக்குள்ள போனாரு. பத்து மணிக்கு உள்ள எண்ணற சத்தம் கேட்டுச்சு, தட்டினேன். 'எண்ணிட்டிருக்கேன்'னாரு. சாப்பாட்டுக்குத் தட்டினேன். அதே பதில். மூணு மணிக்குத் தட்டினப்போ, 'கொஞ்சம் பொறு, வெர்னா கண்ணு'ன்னு சிரிச்சாருங்க. இருட்டினப்புறந்தான் மருமகன் கதவ உடைச்சான்."

ஆர்லன் டின்னை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவளாகவே சொன்னாள்.

"டாக்டர் எழுதிக் குடுத்த தாள் உள்ள இருக்கு. உயிர் போன நேரம் காலையில ஒம்பதுக்கு முன்னன்னு போட்டிருக்கு."