மேல் மண்ணை நம்பாதவர்

கதிர்வேல் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்திங் வேலையில் இருந்தேன். போனில் சொன்னது அவர் மனைவி. அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும். எந்த வேலையையும் சொன்ன நாளில் முடிக்காத மனிதர். போவதில் மட்டும் அப்படி ஓர் அவசரம்.

மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து சொல்வது எங்கள் தொழில். நான்கு கம்பிகளை ஒரே வரிசையில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியாக மின்சாரம் விட்டு, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தம் பார்ப்போம். நெருக்கமாக அடித்தால் மேல் மண் தெரியும். தள்ளித் தள்ளி அடித்தால்தான் அடியில் இருப்பது தெரியும். பலரும் நெருக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அண்ணனுக்கு நிறுத்தவே தெரியாது. “மேல் மண்ணு நம்மளப் பாத்துச் சிரிக்கும் அம்மணி, அடியில என்ன இருக்குதுன்னு பாக்கோணும்” என்பார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மில்லுக்குப் புது சப்ஸ்டேஷன். போய்ப் பார்த்தால் நிலமெல்லாம் சேறு. “கம்பி அடிக்க நீங்க செரமப்படக்கூடாதுன்னு நேத்தே தண்ணி உட்டு வெச்சுப்போட்டமுங்க” என்றார் முதலாளி பெருமையாக. எங்கள் ஊர் மரியாதை அப்படி. ஈர மண் தடையைக் குறைத்துத்தான் காட்டும். அண்ணன் வயரைச் சுருட்டினார். “காஞ்சதும் வாரமுங்க.” முதலாளியின் முகம் சுண்டிப்போனது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று என்னிடம்தான் சொன்னார். காரில் நான் கத்தினேன். “சித்திர வெயில்ல மண்ணு காஞ்சு கெடக்கறப்ப சப்ஸ்டேஷன் வேலியத் தொடறவனுக்குத்தான் எர்த்துப் போடறோம் அம்மணி” என்றார் அண்ணன்.

காய்ந்தபின் போனோம். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க மில் இடம் போதவில்லை. பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் முதலாளிக்குப் பங்காளி. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை கிடையாது. விட்டுவிடலாம் என்றேன். அண்ணன் தோப்புக்குள் போய், காப்பி குடித்து, இளநீர் குடித்து, கடைசிக் கம்பியை அந்தப் பங்காளியையே பிடிக்க வைத்துவிட்டார். வெயிலில் காய்ந்தது நான். கம்பிகள் தள்ளிப்போகப் போக தடையின் அளவு ஏறிக்கொண்டே போனது. கொஞ்சம் மண், அதற்கடியில் பாறை. ஆழமாகக் கம்பி இறக்கும் திட்டத்தைக் கைவிட்டு, மேல் மண்ணிலேயே அகலமாக இரும்புப் பட்டை வலை விரித்தோம். செலவு கூடியதற்குத் திட்டு எனக்குத்தான். பின்னொரு நாள் அங்கே மின்கசிவு ஏற்பட்டபோது, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மட்டும் யாரும் போன் செய்யவில்லை.

இழவு வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நெஞ்சு கரிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனாரு கண்ணு. ஈசிஜி நல்லாருக்குது, எதுக்கும் நடக்க வெச்சு இன்னொண்ணு பாத்தர்லாம்னு டாக்டர் சொன்னாங்களாம். ‘அதான் நல்லாருக்குதே, போதும்’னு ஊட்டுக்கு வந்துட்டாரு.” எனக்கு அவரை எழுப்பி உட்கார வைத்துத் திட்ட வேண்டும் போலிருந்தது.

அவருடைய மீட்டரும் வயர்ச் சுருளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவற்றோடு அவருடைய பிடிவாதமும் வந்து ஒட்டிக்கொண்டது. நேற்று மதுக்கரையில், “இத்தன அளந்தது போதாதுங்களா?” என்று கட்டடக்காரர் சலித்துக்கொண்டார். போதாது என்றேன். அந்த வார்த்தையை அண்ணனிடம் சொல்ல அன்று அந்த ஆஸ்பத்திரியில் நான் இருந்திருக்க வேண்டும்.