ஃபிலிம் போடாத கேமரா

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். சாப்பாட்டு நேரம். வெளியே தெருவில் வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. கதை விடுகிறான் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் கதை விடுகிறவன் தன்னை யோக்கியனாகக் காட்டிக்கொள்வான். இதில் நான் யோக்கியன் இல்லை. சொல்லவே நாக்கூசுகிறது.

நான் போட்டோகிராபர். கல்யாணம், வரவேற்பு, பிறந்தநாள் எல்லாம் எடுப்பேன். இப்போது எல்லோரையும் போல டிஜிட்டல்தான். ஆனால் என் கழுத்தில் எப்போதும் ஒரு பழைய ஃபிலிம் கேமரா தொங்கும். முழுக்க இரும்பும் கண்ணாடியும். பேட்டரி கிடையாது. லீவரை இழுத்துப் பட்டனை அழுத்தினால் 'ளக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே அதை இன்னும் விற்கவில்லை. எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். தொழில் ஆரம்பித்தபோது வாங்கியது. தினமும் அதைத் துடைத்து வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சக்களத்தி'. "சக்களத்தியைக் குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க" என்பாள்.

அதில் ஃபிலிம் போட்டு வருஷக்கணக்காகிறது. என் கேவலம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வரவேற்பு முடிகிற நேரத்தில் மண்டபத்து ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள். வாட்ச்மேன், டிரைவர், லைட் போட்டவர். "சார், எங்களையும் ஒண்ணு எடுங்க சார்." டிஜிட்டலில் எடுத்தால் உடனே காட்டு என்பார்கள், போனில் அனுப்பு என்பார்கள், அனுப்புகிற வரைக்கும் விடமாட்டார்கள். அதனால் கழுத்தில் தொங்குவதைத் தூக்கி ஒரு 'ளக்'. "இது ஃபிலிம் கேமரா. கழுவித்தான் எடுக்கணும். நாளாகும்." அவ்வளவுதான். சந்தோஷமாகப் போவார்கள். மறந்தும் போவார்கள். என்னோடு வீடியோ எடுக்க வருகிறவன் என் மச்சான். வண்டியில் திரும்பும்போது நாங்கள் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு அம்மா மட்டும் மறக்கவில்லை.

மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர். அறுபது வயதிருக்கும். இடது கன்னத்தில் பெரிய தீக்காயத் தழும்பு. ஒரு வரவேற்பில் கூட்டமெல்லாம் கிளம்பிய பிறகு முகம் கழுவி, தலைவாரி, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் வந்து நின்றார்.

"தம்பி, என்னை ஒண்ணு எடுக்கிறியா? மக தூரத்துல இருக்கா. அவளுக்கு அனுப்பணும்."

"அதுக்கென்னம்மா, உக்காருங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தழும்பு தெரியாமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். ளக். "ஐயோ, கண்ணை மூடிட்டேன் தம்பி." இன்னொரு ளக். தாராளமாக மூன்றாவதும். காசா பணமா! காலி கேமராதானே.

பேச்சுவாக்கில் "கடைக்கு வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே வந்துவிட்டார்.

"கழுவப் போயிருக்கும்மா." அடுத்த வாரம், "லேப்ல ஆளில்லம்மா." அதற்கடுத்த வாரம் வேறொன்று. அவர் கடைக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று "தம்பி" என்று கூப்பிடுவார். நான் கையை விரிப்பேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு கொஞ்ச நாளாக ஆளைக் காணோம். விட்டது சனி என்று நினைத்தேன்.

அன்றைக்கு நல்ல மழை. மச்சான் மற்ற கேமராக்களை எல்லாம் ஒரு விழாவுக்குக் கொண்டுபோயிருந்தான். கடையில் நானும் சக்களத்தியும்தான். சாப்பிட்டுக் கை கழுவினேன். மணி ஒன்று இருபது. கரண்ட் போனது. ஃபேன் மெதுவாக நின்றது.

உள்ளறையில் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது.

படம் எடுக்க ஆட்களை உட்காரவைக்கிற அறை அது. எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அதே பச்சைப் புடவை.

கடைக் கதவைத் திறந்தால் மணி அடிக்கும். அடிக்கவில்லை. வெளியே கொட்டுகிறது. அவர் புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு 'மாட்டிக்கொண்டோமே' என்பதுதான் நினைப்பு.

"படம் வரலன்னா பரவால்ல தம்பி. இன்னொண்ணு எடுத்துடு."

என் செல்போன் மேசையில் இருந்தது. அதில் எடுத்திருக்கலாம். எடுத்தால் அங்கேயே காட்ட வேண்டும். அப்போது பழைய படம் என்ன ஆச்சு என்று கேள்வி வரும். அதனால் சக்களத்தியைத் தூக்கினேன். ஆமாம், மறுபடியும் காலி கேமரா. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

துளையில் கண் வைத்தேன். லென்ஸ் வளையத்தை ஆள் இருக்கிற தூரத்துக்குத் திருப்பி முகத்தைத் தெளிவாக்கினேன். இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தழும்போடு நேராக என்னைப் பார்த்தார்.

ளக்.

அடுத்ததற்காக லீவரை இழுத்தேன். கனத்தது.

காலி கேமராவில் லீவர் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே ஃபிலிம் இருந்தால்தான் அந்தக் கனம். ஃபிலிம் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். லீவரை இழுக்க இழுக்க, இடது பக்கத்துக் குமிழ் தானாகச் சுழலும்.

பார்த்தேன்.

குமிழ் சுழன்றது.

"இன்னொண்ணு" என்றார்.

கண் வைத்தேன். முகம் மறுபடியும் கலங்கலாக இருந்தது. முதலில் வளையத்தை இரண்டு மீட்டரில் வைத்திருந்தேன். இப்போது ஒன்றரைக்குத் திருப்பினால்தான் தெளிந்தது. கேமராவை இறக்கிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. ஸ்டூல் அதே இடத்தில். நானும் அதே இடத்தில்.

ளக். குமிழ் சுழன்றது.

"இன்னொண்ணு..."

ஒரு மீட்டர்.

ளக்.

அரை மீட்டர். வளையம் அதற்குமேல் திரும்பாது.

அப்படியும்... கலங்கல்.

அப்படியானால் அவர்... அதைவிடக் கிட்டே.

என் கையில் மூச்சு பட்டது.

ளக்.

சத்தியமாக நான் அழுத்தவில்லை.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்தது. ஸ்டூலில் யாருமில்லை.

ஃபிலிம் உள்ள கேமராவை வெளிச்சத்தில் திறக்கக் கூடாது. நேற்று தொழிலுக்கு வந்தவனுக்கும் இது தெரியும். ஆனால் உள்ளேதான் ஃபிலிமே இல்லையே! நான் போடவில்லையே! எனக்குத் தெரியாதா? குமிழைப் பிடித்து மேலே இழுத்தேன். பின்மூடி திறந்துகொண்டது.

உள்ளே ஃபிலிம் இருந்தது.

படக்கென்று மூடினேன். மூடி என்ன பிரயோஜனம்? அதற்குள் வெளிச்சம் முழுக்க அதன்மேல் விழுந்துவிட்டது. லேபில் கொடுத்துக் கழுவிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை கரிக்கட்டை. ஒரு கண், ஒரு காது, ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அண்ணே, எங்கம்மா போட்டோ இங்க இருக்காமே? மண்டபத்துல வேலை பாத்தாங்களே, கன்னத்துல தழும்பு..."

"அம்மா எங்கேம்மா?"

"தவறிட்டாங்கண்ணே. பத்து நாளா ஆஸ்பத்திரியில படுத்த படுக்கை. மழை பெஞ்சுதே அன்னைக்கு மத்தியானம். ஒண்ணரை இருக்கும்."

கல்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

"தழும்புக்கு வெக்கப்பட்டு அவங்க போட்டோவுக்கே நின்னதில்லண்ணே. என் கல்யாணத்துலகூட நிக்கல. ஆதார் கார்டுல இருக்கிற படத்துல முகமே தெரியல. எனக்காகத்தான் உங்ககிட்ட நின்னேன்னு போன்ல சொன்னாங்க. அது ஒண்ணுதான் இருக்கு. குடுத்துடுங்கண்ணே."

"வெளிச்சம் பட்டு... வீணாப் போச்சும்மா" என்றேன். தலை நிமிரவில்லை.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மூடியைத் திறந்துட்டீங்களா?"

நான் அவளிடம் மூடியைப் பற்றிப் பேசவே இல்லை. மூடியைத் திறந்தது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

"யாரும்மா சொன்னது?"

"அம்மாதான். ரெண்டு நாளா பேச்சே இல்லாம கிடந்தாங்க. கடைசியில கண்ணு முழிச்சு என் கையைப் பிடிச்சாங்க. 'இந்தத் தடவை படம் நிஜமாவே விழுந்துடுச்சு. அந்தத் தம்பி மூடியைத் திறந்துடப் போகுது, ஓடிப்போய்ச் சொல்லு'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலண்ணே. யாருகிட்டம்மான்னு கேக்குறதுக்குள்ள போயிட்டாங்க."

மழை நாளில் என் கையில் பட்ட அந்த மூச்சு இப்போது மறுபடியும் பட்டதுபோல் இருந்தது.

"அண்ணே... இந்தத் தடவைன்னா? முன்னாடி எடுத்தது விழலையா?"

எனக்குப் போன் வரவில்லை. வந்ததுபோல் அதைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்விட்டேன். அவள் ரொம்ப நேரம் கதவுக்கு வெளியே நின்றாள். அவள் போகிறவரைக்கும் நான் வெளியே வரவில்லை.