ஞாயிற்றுக்கிழமைச் சாவு

எங்கள் சன்னதித் தெருவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் சாகக் கூடாது. எழுதி வைக்காத சட்டம்தான், ஆனால் எல்லோருக்கும் தெரியும். என் பெரியப்பா அதை மீறினார். மாசி மாதத்தில், கூட்டம் அலைமோதும் காலத்தில், ஒரு ஞாயிறு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து வயல்களுக்கு நடுவே உள்ளே தள்ளியிருந்தது. டிவியில் ஒரு ஜோசியர், கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் எங்கள் கோயில் துர்க்கைக்கு ஞாயிறு சாயங்கால ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு ஏற்றினால் நல்லது நடக்கும் என்று சொன்னார். அதோடு ஊர் எங்கள் கையை விட்டுப் போனது. நாங்கள் நெல் காயப்போட்ட ரோட்டில் வேன்கள் நின்றன. பரிகாரம் முடித்தவர்கள் கட்டியிருந்த துணியைக் குளத்திலேயே அவிழ்த்து விட்டுப் போனார்கள். அவர்களுடைய தோஷம் எங்கள் காலைச் சுற்றியது, நாங்கள் குளிப்பதை நிறுத்தினோம். எங்கள் தோஷத்தைக் கொண்டுபோய் அவர்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் விட முடியுமா? ரொம்ப யோக்கியமாகவும் பேச முடியாது. எங்கள் வீட்டு வாசலிலும் விளக்குக் கடை இருந்தது. கொல்லையில் கட்டணக் கழிப்பறையும் இருந்தது.

தெருவில் பிணம் கிடந்தால் கோயில் நடை திறப்பதில்லை. பிணத்தை எடுத்துத் தெருவைக் கழுவிவிட்ட பிறகுதான் பூஜை. வீட்டுக்காரர்கள் பட்டினி கிடக்கும்போது சாமியும் பட்டினி கிடக்கட்டும் என்று யாரோ நல்ல மனசோடு ஏற்படுத்தின வழக்கம். அந்த வழக்கம்தான் அன்றைக்கு எங்கள் கழுத்தைப் பிடித்தது. பெரியப்பாவின் ஒரே மகன், என் அண்ணன், சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். விமானம் பிடித்துத் திருச்சியில் இறங்கி வீடு வந்து சேர இருட்டிவிடும். சென்னையிலிருந்து பஸ்களோ முந்தின இரவே கிளம்பிவிட்டன.

கார் நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் காலையிலேயே வந்தார். பெரியப்பாவைக் கும்பிட்டுவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெரியவர் போனது எங்களுக்கும் கஷ்டந்தாங்க. ஆனா இன்னிக்கு நடை சாத்துனா தெருவே பட்டினிங்க. ஒண்ணு, மத்தியானத்துக்குள்ள எடுத்துடுங்க. இல்லன்னா ராகு காலம் முடியற வரைக்கும் வெளிய தெரியாமப் பாத்துக்குங்க. குருக்களுக்கும் தெரிய வேணாம்."

அப்பா பெரியம்மாவைப் பார்த்தார்.

"மத்தியானமே எடுத்துட்டா எம்புள்ள அவுங்க மொகத்தப் பாக்க முடியாதுல்ல?" என்று கேட்டார் பெரியம்மா. "அப்ப நான் அழல," என்றார்.

பந்தல் இல்லை, பறை இல்லை. சொந்தக்காரர்களைப் பொழுது சாய்ந்து வரச் சொன்னார்கள். கடையைச் சாத்தினால் சந்தேகம் வரும் என்று அப்பா கடையைத் திறந்தார். அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கினாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி நறுக்கினாள். உள்ளறையில் பெரியப்பாவைப் படுக்க வைத்து ஊதுபத்தி ஏற்றி, கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார் பெரியம்மா. வாசலில் என்னை நிறுத்தினார்கள். கழிப்பறைக்கு யாராவது வந்தால் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வேண்டும். பெரியப்பாவைக் கேட்டால் தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணாமூச்சி விளையாட்டு மாதிரி இருந்தது. பெரிய பொறுப்பு கிடைத்த பெருமை வேறு.

மதியத்துக்கு மேல் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், தலை குனிந்த மகளோடு வந்தார். தண்ணீர் வரவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள், "அவசரம் பாப்பா" என்று என்னை விலக்கிவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். பெரியம்மாவைப் பார்த்ததும் நின்றார்.

"ஊதுபத்தி வாசனையும் அதுவுமா, வீடே கோயில் மாதிரி இருக்கே! முகம் நிறைய மஞ்சள், இவ்வளவு பெரிய குங்குமம். மகாலட்சுமியாட்டம் இருக்கீங்க. என் பொண்ணுக்கு எதுவுமே அமைய மாட்டேங்குதும்மா. உங்க கையால கொஞ்சம் குங்குமம் வச்சு விடுங்க."

பின்னாலேயே ஓடிவந்த அப்பா வாசல்படியில் நின்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருப்பார். தெரு முழுக்க ஆட்கள். வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா எழுந்து, குங்குமச் சிமிழை எடுத்து, அந்தப் பெண்ணின் நெற்றியில் வைத்தார்.

"நல்லா இரு."

அந்த அம்மாள் அதைச் செல்போனில் படம் வேறு எடுத்துக்கொண்டார். "ஐயா இல்லீங்களா?" என்று கேட்டார்.

"தூங்குறாங்க," என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"கொடுத்து வச்சவர்," என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

தெரியாமல் கேட்டார், அவர்மேல் என்ன தப்பு என்று அம்மா இன்றும் சொல்கிறாள். எனக்கு ஆறவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தவருக்கு அங்கே இருக்கும் மனுஷியின் முகத்தைப் பார்க்கத் தெரியாதா? குங்குமத்தைப் பார்த்தவர் அதற்குக் கீழே இருந்த கண்களைப் பார்க்கவில்லை. அந்தப் படம் இன்னும் எங்கோ ஒரு போனில் இருக்கும். வாசல்படியில் வாய் திறக்காமல் நின்ற அப்பாவையும் என்னால் முழுசாக மன்னிக்க முடியவில்லை.

ராகு காலம் முடிந்தது. வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பிப் போயின. உடனே பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, பறை வந்தது. இருப்பதிலேயே பெரிய மாலையைக் குத்தகைக்காரர் கொண்டுவந்தார். அப்பா பெரியம்மாவிடம் குனிந்து, "இனிமே அழலாம் அண்ணி," என்றார்.

பெரியம்மா அழவில்லை. அண்ணன் வந்து பெரியப்பாவின் காலில் விழுந்து கதறியபோதும் அவன் முதுகைத் தடவி, "சாப்டியாப்பா?" என்றுதான் கேட்டார். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரப் பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதுதான் அனுமதி கொடுத்துவிட்டார்களே, அழ வேண்டியதுதானே!

அதன் பிறகு ஞாயிறுதோறும், ராகு கால பூஜைக்குக் கோயில் மணி அடிக்கும்போது பெரியம்மா அந்த உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பூஜை முடிந்துதான் வெளியே வருவார். முகம் வீங்கியிருக்கும். கூட்டத்தின் இரைச்சலில் அவருக்குத் தலைவலி வந்துவிடுகிறது என்றாள் அம்மா. நானும் நம்பினேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் காது கொடுத்ததில்லை. வாசலில் நின்று, வருகிற போகிறவர்களைப் பார்த்து, "எலுமிச்சை விளக்கு! எலுமிச்சை விளக்கு!" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தேன்.