எல்லைக் கல்லுக்கு அப்பால்

லிமானுக்கு அந்த விருந்தாளியைப் பிடிக்கவே இல்லை.

பிரிஷ்டினா பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த யூதர் பென்சியோன், ஜெர்மானியரிடமிருந்து தப்பி மலையேறி வந்து, பனி விழத் தொடங்கிய நாளில் கதவைத் தட்டினார். அல்பேனியர் வாழும் அந்த மலையூர்களின் வழக்கப்படி, தட்டியவனுக்குக் கதவைத் திறந்தாக வேண்டும். உள்ளே வந்துவிட்டால் அவன் உயிருக்கு வீட்டுக்காரன்தான் பொறுப்பு. விருந்தாளிக்கு ஒன்று நேர்ந்தால் குடும்பத்தின் பெயர் தலைமுறைக்கும் நாறும். லிமான் திறந்தது அந்தப் பெயருக்காகத்தான்.

வந்தவரோ வாய் ஓயாதவர். சந்தையில் கற்ற அல்பேனிய மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரு குற்றம் சொல்வார்.

"ஹாவா தங்கச்சி, இது காப்பியா? பார்லிய வறுத்து ஏமாத்துறியே!"

"சண்டை முடிஞ்சதும் நல்ல காப்பி தர்றேன் அண்ணே. அதுவரைக்கும் உயிரோட இருங்க" என்பாள் லிமானின் மனைவி.

ஊரார் அணியும் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கொடுத்தால் போட மாட்டார். தன் கறுப்புப் பட்டணத் தொப்பிதான் தலையில் இருக்கும். லிமான் பல்லைக் கடித்துக்கொண்டு பனிக்காலத்தைக் கழித்தான்.

"அவரைக் காப்பாத்துறீங்களா, உங்க பேரைக் காப்பாத்துறீங்களா?" என்று ஹாவா ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் போ."

பனி உருகத் தொடங்கியதும், வீடு வீடாகச் சோதனை வரப்போகிறது என்று செய்தி வந்தது. கீழூரில் ஒருவன் விருந்தாளியை ஏற்கச் சம்மதித்தான். பாலத்துக்கு அப்பால் மாவு மில்லில் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினான். லிமான் தன் ஊர் எல்லைக் கல் வரை கூடவே நடந்தான். விருந்தாளி அந்தக் கல்லைத் தாண்டி முதுகைத் திருப்பிவிட்டால் வீட்டுக்காரன் விடுபட்டான். அதுதான் வழக்கம்.

"சரி லிமான், உன் தொல்லை ஒழிஞ்சுது" என்றார் பென்சியோன்.

"யார் தொல்லை யாருக்கு!" என்றான் லிமான்.

அவர் கல்லைத் தாண்டி இறங்கினார். லிமானுக்கு முதலில் வந்தது நிம்மதி. மூச்சை இழுத்துவிட்டுக் கீழே பார்த்தான். பாலத்தின் மேல் ஜெர்மானியச் சிப்பாய்கள் நின்றிருந்தார்கள். பாதை வளைவதால் பென்சியோனுக்கு அவர்கள் தெரியவில்லை. கூப்பிட்டால் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும்.

இனி என்ன நடந்தாலும் என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தான். அது உண்மைதான். வாழ்நாளெல்லாம் அவனைத் தாங்கிய நினைப்பும் அதுதான். அன்று அதன்மேல் சாய்ந்து பார்த்தான்; அது தாங்கவில்லை. எதற்கென்று தெரியாமலே கால்கள் இறங்கத் தொடங்கியிருந்தன.

வளைவில் பென்சியோனின் கையை எட்டிப் பிடித்தபோது கீழேயிருந்து அதட்டல் கேட்டது. சிப்பாய்கள் அந்தக் கறுப்புத் தொப்பியைப் பார்த்துவிட்டார்கள்.

"நீ எதுக்குடா வந்த?" என்றார் பென்சியோன், முகம் வெளுத்துப்போய்.

"பேசாத. ஒரு தடவையாவது பேசாம இரு."

பாறைக்குப் பின்னால் அவரை இழுத்து, தன் வெள்ளைத் தொப்பியை அவர் தலையில் அழுத்தினான். ஆட்டுத்தடத்தைக் காட்டினான். "இது வழியா ஏறு. நேரா ஹாவாகிட்ட போ."

"அப்ப நீ?"

"அவனுங்க பாத்தது ஒரு தொப்பிய. தொப்பி வரலன்னா தேடி மேல வருவானுங்க."

ஊரில் எந்த ஆண்மகனும் தொட வெட்கப்படும் அந்தக் கறுப்புத் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, கைகளைத் தூக்கியபடி, பாலத்தை நோக்கி நடந்தான்.

அடித்தார்கள். அடைத்து வைத்தார்கள். அவன் யூதன் இல்லை, தன் ஊர்க்காரன்தான் என்று ஊர்த்தலைவர் போய் உறுதி சொன்ன பிறகே விட்டார்கள். உதடு கிழிந்து, வெறுந்தலையோடு வீடு வந்தவனை ஹாவா வாசலில் நின்று பார்த்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"அனுப்பிட்டு வர்றேன்னு போன ஆளு, அவரை முன்னாடி அனுப்பிட்டுப் பின்னாடி வர்றீங்க!" என்றாள். "உள்ளதான் இருக்காரு. நீங்க போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசல. எனக்குப் பயமாப் போச்சு."

மாலையில் பக்கத்து வீட்டு ஜெமால் விசாரிக்க வந்தான். வழக்கங்களை விரல்நுனியில் வைத்திருப்பவன் அவன்.

"கல்லைத் தாண்டினவனுக்காக நீ ஏன்யா அடி வாங்கின? உன் பொறுப்புதான் அங்கயே முடிஞ்சுபோச்சே."

"முடிஞ்சுதான் போச்சு."

"அப்புறம்?"

லிமான் கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியல ஜெமால்" என்றான். "கேட்டுக்கிட்டே இருக்காம, எழுந்து வந்து ஒரு கை பிடி. சோதனைக்கு வர்றதுக்குள்ள தொழுவத்துச் சுவருக்குப் பின்னால ஒரு ஆள் படுக்கிற மாதிரி இடம் பண்ணணும்."

எந்த வழக்கமும் ஜெமாலை எழச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் மேலங்கியைக் கழற்றிவைத்துவிட்டு, மண்வெட்டி எங்கே என்று கேட்டான்.