பதிமூன்றாவது கூட்டம்

அன்றைக்குச் சிக்னல் பாறைமேல் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி, அம்மாவின் தம்பியான மாமா, சாமை மில்லில் வேலை செய்த சித்தி. தம்பி நடுவில் கொஞ்ச நேரம் சீத்தாப்பழம் பறிக்கப் போனான்; ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், அதனால் அவனையும் சேர்த்தே சொல்கிறேன். வேறு யாரும் இல்லை. மறுநாள் ஊர்க்கூட்டத்தில் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் மனசுக்குள் இரண்டு தரம் எண்ணிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் அப்போது போன் சிக்னல் கிடைப்பது அந்தப் பாறைமேல்தான். மஞ்சு மூடாத நேரத்தில் அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் காவலூர் டெலஸ்கோப் கட்டடத்தின் வெள்ளை உருண்டை தெரியும். மஞ்சு வந்தால் நம் கால்விரல்கூடத் தெரியாது. எனக்குப் பத்து வயது, காலாண்டு லீவு.

மாமா பெங்களூரில் போன் கேமுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். நான் எட்டாவதோடு நின்றுவிட்டவள், அது என்ன மாதிரி வேலை என்பது இன்றைக்கும் எனக்குப் பாதிதான் புரியும். அந்த கேமில் ஒரு மலை வானத்தில் மிதக்கும். அதன்மேல் பன்னிரண்டு கூட்டத்தார், குலம் மாதிரி, இருப்பார்கள். அவர்களுக்கு மாமா முதலில் எழுதி அனுப்பிய பெயர்களை, எல்லாம் மாத்திரைப் பெயர் மாதிரி இருக்கிறது என்று கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் புதுப் பெயர்கள் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அன்று சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. அம்மா மாமாவுக்குப் பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள். ஏற்கெனவே மூன்று முறை மாமா தட்டிக்கழித்திருந்தார். "இந்தத் தபா வரலன்னா எனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்று அம்மா காலையில் சாமை புடைத்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"நீ வெக்கற பேரு ஒண்ணுக்குப் பத்து ரூபா" என்றார் மாமா.

"அவங்கல்லாம் எங்க இருக்காங்க மாமா?"

"எங்கயும் இல்ல. நாமதான் உண்டாக்கணும்."

"உண்டாக்கிட்டா, இன்னா சாப்புடுவாங்க?"

எனக்கு அது உண்மையான கவலை. பெயர் வைத்துவிட்டால் ஆள் வந்துவிடும். ஆள் வந்தால் சோறு வேண்டும், வீடு வேண்டும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு பஸ் வேண்டும். மாமா லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு யோசித்தார். "சாமச்சோறு சாப்புடட்டும். நம்ம கொல்லையிலயே வெளையுது."

அப்படியென்றால் சரி என்று தொடங்கினேன். ஒரு கூட்டத்துக்குப் பெயர் என்றால் அவர்கள் எதையோ செய்திருக்க வேண்டும், அல்லது செய்யாமல் விட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "வூட்டுக்குக் கதவு வெக்காதவங்க" என்றேன். மாமா நோட்டில் கதவில்லார் என்று எழுதினார். மஞ்சைத் தின்கிறவர்கள் மஞ்சுதின்னிகள் ஆனார்கள். பக்கத்து வீட்டில் உப்புக் கடன் கேட்காதவர்கள் உப்புக்கேளார். நடக்கும்போது பின்னால் பார்க்காதவர்கள் பின்பாரார். அடுத்தவர் நிழலை மிதிக்காதவர்கள் நிழல்மிதியார். இப்படியே பன்னிரண்டு வரை போனது. நான் பேச்சில் சொன்னதை மாமா எழுத்தில் கட்டி நிறுத்தும்போது, அவர்கள் வேட்டி உதறி எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

"பிரியாணி கூட்டம்!" என்று தம்பி கத்தினான். "வெறும் பிரியாணி மட்டும் துன்றவங்க!"

"டேய், அவங்க ஆம்பூர்ல இருக்காங்கடா" என்றார் மாமா. அவன் விடவில்லை. கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு அவனுக்கு ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. அதை எடுத்துக்கொண்டுதான் அவன் சீத்தாப்பழத்துக்குப் போனான்.

அந்த நேரத்தில் மஞ்சு ஏறி வந்தது. முதலில் வெள்ளை உருண்டை போனது, அப்புறம் புளியமரங்கள், அப்புறம் சாமைக்கொல்லை. வெள்ளைக்குள்ளே அவர்கள் நடப்பதை நான் பார்த்தேன். கதவில்லார் கையில் விளக்கோடு, உப்புக்கேளார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பின்பாரார் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு. ஒருவருக்கும் கால் தரையில் படவில்லை. எல்லாரும் எங்கேயோ ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி மெதுவாக, ஒருவரை ஒருவர் தொடாமல் போனார்கள்.

கல்யாணம் என்றதும் எனக்குத் திக்கென்றது. "மாமா, இவங்கள்ல யாருக்கு யாரு பங்காளி?"

"அது இன்னாத்துக்கு? சண்டதான போடப்போறாங்க."

"இன்னா மாமா நீ! சண்ட போடறவங்கதான அப்பறமா பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுப்பாங்க?"

சித்தி சிரித்துவிட்டாள். அதுவரை போனைக் காதில் வைத்து யார் பேசுவதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

எங்கள் மலையில் கூட்டம் என்று ஒன்று தனியாக நிற்காது. எந்தக் கூட்டத்துக்கு எது பங்காளி, எது மாமன் மச்சான் என்று சொன்னால்தான் அது கூட்டம். பங்காளிக்குள் எல்லாரும் அண்ணன் தங்கை. பங்காளிக்குள் கட்டினால் ஊரில் இருக்க முடியாது. மாமாவின் கூட்டமும் சித்தியின் கூட்டமும் பங்காளிகள். ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஒன்றாக இருந்தார்கள் என்று பேச்சு, அவ்வளவுதான். ஆனாலும் மாமாவுக்கு அவள் தங்கை முறை, அதனால் எனக்குச் சித்தி. மில்லில் பார்த்தால் "இன்னாண்ணா, எப்ப வந்தீங்க?" என்றுதான் கேட்பாள். பாறைக்கு வந்தால் மட்டும் "இங்க பாருங்க." சிக்னல் இல்லாத இடத்தில் அண்ணா, சிக்னல் இருக்கிற இடத்தில் இங்க பாருங்க. அது போன் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒரு கரித்துண்டால் பாறைமேல் இரண்டு வரிசை கிழித்தேன். இந்த வரிசையில் ஆறு கூட்டம், அந்த வரிசையில் ஆறு கூட்டம். வரிசைக்குள் பங்காளி, வரிசை தாண்டினால் மாமன் மச்சான். மாமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சுதின்னிப் பையன் ஒருத்தன். கதவில்லார் பொண்ணு ஒருத்தி. ரெண்டும் ஒரே வரிசதான? அவங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் புடிச்சிருச்சுன்னா?"

"முடியாது மாமா. அண்ணன் தங்கச்சி."

"கேம்லகூடவா?"

"கேம்லயுந்தான். புள்ள பொறந்தா மத்தவங்கள இன்னா மொறை வெச்சிக் கூப்புடும்?"

மாமா பேனாவை மூடி வைத்தார். சித்தி காவலூர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே மஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை. என்னால்தான் கேம் கெட்டது, மாமாவுக்கு வேலை போகப்போகிறது என்று பயந்தேன். எப்படியாவது சரிசெய்ய வேண்டும்.

"வேணும்னா ஒண்ணு பண்ணலாம்" என்றேன். "ரெண்டு பேரும் கீழ எறங்கிப் போய்ட்டு புதுசா ஒரு கூட்டம் ஆயிடட்டும். புதுக் கூட்டத்துக்கு யாரும் பங்காளி கெடயாது."

சித்தி போனை மடியில் வைத்தாள். "எப்பிடிப் போவாங்க, பாப்பா?"

அது என்னிடம் கேட்கக் கூடாத கேள்வி. பயப்படுகிறவளிடம் வழி கேட்டால் பயங்களைத்தான் வரிசையாகச் சொல்வாள். நான் சொன்னேன். ராத்திரியில் போகக் கூடாது, கரடி வரும். விடியற்காலை மஞ்சில் போக வேண்டும், ஆள் அடையாளம் தெரியாது. சந்தை இருக்கிற பக்கம் போகவே கூடாது, எல்லாம் தெரிந்த முகம். மேற்கே இறங்க வேண்டும். சேர்ந்து நடக்கக் கூடாது. அவள் முன்னால், அவன் ஒரு கூப்பிடு தூரம் பின்னால். ஒரு கம்பளி கட்டாயம் வேண்டும். தலைவலி மாத்திரை வேண்டும்.

"அப்பறம்?" என்றாள் சித்தி.

"கொலுசக் கழட்டி மடியில முடிஞ்சிக்கணும். சத்தம் கேக்கும்."

சித்தி கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கூட்டத்துக்குப் பேரு?" என்றார் மாமா.

"விடியப் போனவங்க."

விடியப்போனார் என்று எழுதினார். மற்ற பெயர்கள் இருந்த பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில்.

"கம்பெனி பன்னெண்டுதான கேட்டாங்க? இது பதிமூணு ஆச்சே மாமா."

"இது கம்பெனிக்கு இல்ல." பன்னிரண்டு பெயருக்கும் நூற்றிருபது ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். "சில்லற தீந்துபோச்சு. இதுக்கு அப்பறமா தர்றேன்."

ஐந்து மணிக்குப் பெயர்கள் பெங்களூருக்குப் போயின. மாமாவின் வேலை தப்பிவிட்டது என்று அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம்.

காலையில் அம்மா எழுப்பப் போனபோது மாமாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. கம்பளியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் சித்தியின் அண்ணன் தங்கையைத் தேடி எங்கள் வாசலில் வந்து நின்றார். மத்தியானம் ஊர்க்கூட்டம் கூடியது. என்னை நடுவில் நிற்க வைத்தார்கள். யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். "இன்னாடி பேசிக்கினாங்க? பயப்படாம சொல்லு" என்றார் அப்பா. கூட்டங்களுக்குப் பெயர் வைத்தோம் என்று பன்னிரண்டையும் வரிசையாக ஒப்பித்தேன். உப்புக்கேளார் என்றதும் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

நான் பொய் சொல்லவில்லை. பதிமூன்றாவதுக்கு இன்னும் காசு வரவில்லை. விற்காத பொருளை விற்றதாக எப்படிச் சொல்வது? தேடப்போனவர்கள் இரண்டு வண்டியில் ஜமுனாமரத்தூர்ச் சந்தைப் பக்கம் போனார்கள். மேற்கே திருப்பத்தூர்ப் பக்கம் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அன்றைக்கு என் கவலையெல்லாம் வேறு. பெண் வீட்டில் எங்களுக்காகப் போட்ட வடையெல்லாம் வீணாகியிருக்குமே, இருக்கிறது ஒரு கம்பளி, குளிருமே என்று. யாருக்குக் குளிரும் என்று நான் யோசிக்கவில்லை. மாமாவோடு சித்தியும் ஏன் காணாமல் போனாள் என்று கேட்டதற்கு, அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "அவ உனக்குச் சித்தி இல்ல, போ" என்றாள். நான் போனேன்.

எட்டாவது முடித்த வருஷம் ஒரு நாள் பாறைமேல் என் கையில் இருந்த போன் அடித்தது.

"யாருன்னு தெரியுதா?"

"சித்தி!"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. "அத்தன்னு கூப்புடு பாப்பா" என்றாள்.

பாறைமேல் என் கரிக்கோடு எந்த மழையிலோ போய்விட்டிருந்தது. கோடு இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். மாமா போனை வாங்கி, உனக்கு என்ன வேண்டும், கேள் என்றார். எனக்கு அழுகைதான் வந்தது, அதனால் பதிமூன்றாவது பெயரின் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். நேரில் வந்து தருகிறேன் என்றார். ஊர்க்கூட்டம் இன்னும் அவர்களை மேலே ஏறவிடவில்லை.

பாக்கி பத்து ரூபாய்.